கோட்டுக்காரனின் அம்மா

முரளி,

இதை நின்றுகொண்டு படிக்காதே. செருப்பைக் கழற்றி, பையை இறக்கிவைத்துவிட்டு, உட்கார்ந்து படி. வாரம் தவறாமல் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீசிட்டியிலிருந்து வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு இந்த அம்மா எதற்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறாள் என்று உனக்குச் சிரிப்பு வரும். போன சனி, ஞாயிறில் நான் மூன்று முறை பேச வாயெடுத்தேன். மூன்று முறையும் நீ, "இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். நான் சிரித்துவிட்டேன். பேச்சு கல்யாணச் சமையல்காரரிடம் போய் நின்றது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன்மேல் கோபப்பட எனக்கு இந்த முப்பத்துநாலு வருஷத்தில் தெரிந்ததில்லை. காகிதத்துக்குக் கன்னம் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் நந்தினியோடு பிளவுஸுக்கு அளவு கொடுக்கச் சித்தூருக்குப் போனேன் அல்லவா. மாட்டு டாக்டர்தானே அவள், அன்று காலையில் பங்காருபாளையத்தில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேராக டைலர் கடைக்கே வந்திருந்தாள். பேன்ட் ஓரத்தில் சேறு. கல்யாணப் பெண் என்று சொன்னால் டைலர் நம்பவில்லை. வேலை முடிந்ததும் பக்கத்தில் ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். டம்ளரில் ஸ்ட்ராவைச் சுற்றிக்கொண்டே, "அத்தை, ஒண்ணு கேக்கறேன், நிஜம் செப்பண்டி. மாப்பிள்ளைக்கு அம்மாவா பதில் சொல்லாதீங்க. இவரு எப்படி?" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. "என் புள்ள பசும்மா" என்றேன். அவள் சிரித்தாள். "பசுவும் உதைக்கும் அத்தை. டெய்லி பாக்கறேன். எப்ப உதைக்கும்னு தெரிஞ்சா தள்ளி நிக்கலாம், அதுக்குத்தான் கேக்கறேன்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இவரால யாருனா அழுதுகிறாங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"யோசிச்சு சொல்றேன்மா" என்றேன். "இதுக்கு யோசிக்கணுமா?" என்றாள் மெதுவாக. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. என்னை பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அவள் மணையில் உட்காரக் கூடாது என்று திருச்சானூர் வந்து சேருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். பதில் எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

இதை நான் கோட்டுக்காரன் படத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தமிழ்ப் படங்கள் பேச ஆரம்பித்த புதிதில் வந்த படம் அது. அசல் பெயர் என்னவாக இருந்தாலும் நம் வீட்டில் அதற்குக் கோட்டுக்காரன் படம் என்றுதான் பெயர். நீ இரண்டாவது படிக்கும்போது சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கடையில் அந்த சி.டி.யை வாங்கினேன். வீட்டுக்கு ப்ளேயர் வந்த புதிது. ஆறு மாதத்துக்கு அந்த ஒரு படம்தான். கோட்டும் வேட்டியும் போட்டுக்கொண்டு, நடு வகிடு எடுத்து, கைக்குட்டையில் அத்தர் தெளித்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிற பணக்கார வீட்டுப் பிள்ளை. மூன்று வீட்டில் மூன்று பெண்களிடம் மூன்று பெயரில் பழகுவான். ஒருத்தி பாட்டு டீச்சர், ஒருத்தி வக்கீல் மகள், ஒருத்தி வாத்தியார் மகள். ஒரு நாள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவனுடைய அம்மா ஒருத்தியைப் பரணில் ஏற்றுவாள், ஒருத்தியைப் பூஜை அறையில் உட்காரவைப்பாள், மூன்றாவது பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுத்து, "சமையலுக்கு வந்த பெண்" என்று சொல்லிவிடுவாள். கடைசியில் கோட்டுக்காரன் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடி மன்னிப்புக் கேட்பான். வக்கீல் மகளோடு கல்யாணம் ஆகும். மற்ற இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அட்சதை போடுவார்கள்.

உனக்குக் கோட்டுக்காரனைப் பிடித்தது. உன் நைனாவின் கல்யாணக் கோட்டை முழங்கால்வரை மாட்டிக்கொண்டு, கைக்குட்டையை ஆட்டி ஆட்டி நடப்பாய். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் எல்லாரும் உன்னை நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். எனக்கு அவனுடைய அம்மாவைப் பிடித்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் படத்தில் ஜனங்கள் சிரிப்பது கோட்டுக்காரனைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்துத்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கதவைச் சாத்தி இன்னொரு கதவைத் திறந்து, கண்ணை இமைக்காமல் பொய் சொல்வாள். என்ன சாமர்த்தியம் என்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். நைனாவுக்கு மட்டும் அந்தப் படத்தில் வேறு ஏதோ கண்ணில் படும். டெப்போவில் பஸ் இன்ஜினைப் பிரித்துப் பார்த்த கண் அல்லவா. "மைக்க பூந்தொட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சுகிறாங்கடா. பாரு, அவன் அந்தப் பொண்ணுகிட்ட பேசல, தொட்டிகிட்ட பேசறான்" என்று உனக்குக் காட்டுவார். அன்றிலிருந்து கோட்டுக்காரன் காதல் பேச வாயெடுத்தாலே நாம் மூன்று பேரும் பூந்தொட்டியைத் தேடுவோம்.

நீ காலேஜுக்குப் போனபோது நம் வீட்டில் லேண்ட்லைன் போன் இருந்தது. அதை எடுக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு பெண் தெலுங்கில் கேட்பாள், இன்னொருத்தி தமிழில் கேட்பாள். நீ சோபாவில் படுத்துக்கொண்டு கையை ஆட்டி இல்லை என்பாய். குளிக்கிறான், கோயிலுக்குப் போயிருக்கிறான், ஜுரத்தில் படுத்திருக்கிறான் என்று நான் அளந்துவிடுவேன். போனை வைத்ததும் நாம் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அந்தப் பக்கம் போனை வைத்தவள் சிரித்தாளா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்த தெருவில் ஒரு பெண் டியூஷன் முடிந்து ஒரு பையனோடு நின்று பேசினாள் என்று அவள் அம்மாவிடம் போய்ப் புகார் சொன்னவளும் நான்தான். நான் பெற்றது பிள்ளை, அதனால் எனக்கு எல்லாம் வேடிக்கையாக இருந்தது.

அந்த மொட்டை விஷயம் உனக்கு மறந்திருக்காது. யாரோ ஒருத்தி விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் என்று, "மலைக்கு முடி குடுக்கப் போயிருக்கான்மா, வேண்டுதல்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலேஜில் அவள் எதிரில் வாரிவிட்ட தலையோடு போய் நிற்க முடியாதே என்று, நீ அன்றைக்கே மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தாய். என் பொய்யை மெய்யாக்க ஏழு மலையும் ஏறி வந்த பிள்ளையை நினைத்து எனக்குப் பெருமை வேறு. சந்தனம் பூசிய தலையோடு நீ வாசலில் நின்றபோது நைனா தடவிப் பார்த்து, "இன்னா வேண்டுதல்டா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். அவர் பதில் வரும்வரை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெருமாளைக் கூட்டு சேர்த்துக்கொண்டு பொய் சொன்ன குடும்பம் நாம்.

இதெல்லாம் விளையாட்டு என்று நீ சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரேவதி விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது.

ரேவதியை முதலில் நம் வீட்டுக்கு அழைத்து வந்தது நீ. உன் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் வேலை, சத்தியவேடு பக்கத்துப் பெண், பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். "ஃப்ரெண்டும்மா" என்றாய். உன் மற்ற ஃப்ரெண்டுகள் யாரையும் நீ வீட்டுக்கு அழைத்து வந்தது கிடையாது. ஒரு வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு முறை வந்திருப்பாள். வந்தால் கூடத்தில் உட்கார மாட்டாள், நேராகச் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நிற்பாள். என்னை அத்தை என்றும் நைனாவை மாமா என்றும் கூப்பிட்டாள். கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்கு அவளோடு சேர்ந்து முறுக்குப் பிழிந்தேன். என் வளையல் ஒன்றை அவள் கையில் போட்டு அளவு பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு வேறு எப்படிச் சொல்ல வேண்டும், சொல். நீ அவளுக்கு என்ன வாக்குக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் என் பங்குக்கு வாய் திறக்காமலே ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அதே நேரத்தில்தான் வேலூரிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. நல்ல வசதி, ஒரே பெண், சொந்த வீடு என்று தரகர் அடுக்கினார். உன்னிடம் கேட்டேன். "பாக்கலாமே, பாக்கறதுல இன்னா கீது" என்றாய். ரேவதி என்ற பெயரை நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து ஏழு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதே நேரத்துக்கு ரேவதி பின்வாசலில் வந்து நின்றாள். நாலு நாளாக நீ அவள் போனை எடுக்கவில்லையாம். உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோய், சத்தியவேட்டிலிருந்து பஸ் மாறி, ஷேர் ஆட்டோ பிடித்து, கையில் அவர்கள் நிலத்து வேர்க்கடலை ஒரு பையோடு வந்திருந்தாள்.

"உள்ள வாம்மா, சொந்தக்காரங்க வந்துகிறாங்க" என்று அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன். எனக்கு மூளை படபடவென்று வேலை செய்தது. பயமே இல்லை முரளி, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது. அதற்குள் வேலூர் அம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். ரேவதியை ஏற இறங்கப் பார்த்து, "இது யாரு?" என்றார். நான் கண்ணை இமைக்கவில்லை. "ஒத்தாசைக்கு வர்ற பொண்ணுங்க" என்றேன். "நல்லா சுத்தமா கீதே, எங்க புடிச்சீங்க?" என்று அவர் கேட்டார். அதற்கும் ஏதோ சொன்னேன். அவர் போனதும், சொன்னதை நிலைநிறுத்த வேண்டுமே என்று காபித் தட்டைத் தூக்கி ரேவதி கையில் கொடுத்தேன். "அஞ்சு நிமிஷம்மா, அப்புறம் எல்லாத்தையும் பேசிக்கலாம், எனக்காக" என்றேன்.

அவள் ஏன் அந்தத் தட்டை வாங்கினாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கீழே போட்டு உடைத்திருக்கலாம். வேலூர்க்காரர்கள் எதிரில் கத்தியிருக்கலாம். இப்போது எனக்குத் தோன்றுவது, அவள் உன்னை நம்பித்தான் வாங்கினாள். கூடத்துக்குள் அவள் தட்டோடு வந்து நின்றால் நீ எழுந்துவிடுவாய், ஒரு வார்த்தை சொல்லிவிடுவாய் என்று நினைத்திருப்பாள். வரிசையாக எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு கடைசியில் உன்னிடம் வந்தாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். டம்ளரை எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றாய். குரலில் ஒரு பிசிறு இல்லை. நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாடா, என் பிள்ளை சமாளித்துவிட்டான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

முப்பது வருஷம் புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். நிமிர்ந்து நின்று பேசு, வாயை மென்று விழுங்காதே என்று தினமும் வகுப்பில் அதட்டியவள். ரேவதி சமையலறைக்குத் திரும்பி வந்து காலித் தட்டை மேடைமேல் வைத்துவிட்டு என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். வாயைத் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். "இரும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது வேர்க்கடலைப் பை மட்டும் இருந்தது. பின்பக்கம் குழாயடியில் உட்கார்ந்திருந்த நைனா அவளோடு நடந்துபோய் ஆட்டோ ஏற்றிவிட்டு வந்தார். வேலூர்க்காரர்கள் கிளம்பிய பிறகு என்னிடம், "அந்தப் பொண்ணு வழியெல்லாம் அழுதுக்கினே வந்துச்சு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல. தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு அவர் அந்தப் படத்தைப் போட விடவில்லை. வேலூர்ச் சம்பந்தமும் நாலு நாளில் ஜாதகம் சரியில்லை என்று போய்விட்டது.

இதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நான் இதைக் கதையாக்கினேன். உன் சித்தி வீட்டில், பெரியப்பா பெண் சீமந்தத்தில், பள்ளிக்கூடத்து ஓய்வறையில் எல்லாம் சொன்னேன். "எங்க வீட்டுல கோட்டுக்காரன் படமே ஓடிடுச்சு போ" என்று ஆரம்பிப்பேன். வேலூர் அம்மா மாதிரி பேசிக் காட்டுவேன், நீ தேங்க்ஸ்மா சொன்ன மாதிரி சொல்லிக் காட்டுவேன். நீ பக்கத்தில் இருந்தால் விட்டுப்போனதை எடுத்துக்கொடுப்பாய். எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். நைனா மட்டும் எழுந்து வெளியே போவார். பீடி குடிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அவர் பீடியை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

சித்தூரிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டி.வி.யில் அந்தப் படத்தைத் தேடிப் போட்டேன். நைனா போனபிறகு முதல் முறை, நான் தனியாகப் பார்த்தது அதுதான் முதல் முறை. நந்தினியிடம் சொல்வதற்கு முன்னால் ஒரு தைரியம் வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள். மூன்று பேரும் வீட்டுக்கு வருகிற இடம் வந்தது. அம்மாக்காரி கரண்டியைக் கொடுத்துவிட்டு முன்னால் வந்து, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, கணீரென்று பேசுகிறாள். இத்தனை வருஷம் நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பின்னால் நிற்கிற வாத்தியார் மகளைப் பார்த்தேன். கையில் கரண்டியோடு அவளும் ஏதோ பேசுகிறாள், முரளி. உதடு அசைகிறது. மைக்குக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறாள், அதனால் ஒரு எழுத்துக்கூடப் பதிவாகவில்லை. இரண்டு மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். அவள் என்ன சொல்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. படத்தை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் சமையலறையில் ரேவதி வாய் திறந்தது கண்முன்னால் வந்தது. அழுதேன். இதை உன்னை இளக்கச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

லேண்ட்லைன் பக்கத்தில் இருந்த பழைய நோட்டில் ரேவதியின் நம்பர் நைனா கையெழுத்தில் இருந்தது. அன்று சாயங்காலமே கூப்பிட்டேன். அதே நம்பர், அவளே எடுத்தாள். பின்னால் குழந்தை சத்தம் கேட்டது. என் பெயரைச் சொன்னேன். "சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள். அத்தை போய் ஆன்ட்டி வந்திருந்தது. எனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் கூட்டி மன்னிப்புக் கேட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "மாமா எப்படி கீறாரு?" என்றாள். போய் நாலு வருஷம் ஆகிறது என்றேன். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "என் கல்யாணத்துக்கு வந்தாரு ஆன்ட்டி. கடைசி வரிசைல ஒக்காந்து துன்னுட்டு, எங்க நைனாகிட்ட கையெடுத்துக் கும்புட்டுப் போனாரு. உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. அன்று அவர் காளஹஸ்திக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். நம் வீட்டில் பொய்யே பேசாத மனுஷனை நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பொய்க்குத் தள்ளியிருக்கிறோம்.

"அன்னிக்கு சமையல்கட்டுல ஏதோ சொல்ல வந்தியேம்மா, இன்னா அது?" என்று கேட்டேன். "இப்ப எதுக்கு, விடுங்க" என்றாள். உனக்குக் கல்யாணம் என்றும், வரப்போகிற பெண் என்னிடம் இப்படிக் கேட்கிறாள் என்றும் சொன்னேன். உனக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் கோபமே இல்லாமல் ஒன்று கேட்டாள். "அவருக்காக இன்னும் நீங்கதான் பேசிக்கினு கீறீங்களா ஆன்ட்டி?" என்றாள். குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடன் அவளுக்குக் கிடையாது. படத்தில்தான் அட்சதை போட வருவார்கள்.

உனக்கு நான் செய்த பெரிய கெடுதல் அதுதான் என்று அவள் கேட்ட பிறகுதான் உறைத்தது. ஸ்கூலில் பக்கத்துப் பையன் பேனாவை எடுத்தபோது நான் போய்ப் பேசினேன். காலேஜில் போனை நான் எடுத்தேன். வாசலில் யார் வந்தாலும் முதலில் போய் நின்றது நான். ஒரு பெண்ணின் எதிரில் நின்று, "நான் செய்தது தப்பு" என்று சொல்லவேண்டிய ஒரு வேலையைக்கூட உனக்கு நான் மிச்சம் வைக்கவில்லை. உன்னிடம் கெட்ட மனசு கிடையாது, அதை அம்மாவாகச் சொல்லவில்லை, பார்த்தவளாகச் சொல்கிறேன். நைனா படுக்கையில் கிடந்த மூன்று மாதமும் நீ அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஆனால் உன் சிரிப்பு எங்கே போனாலும் கதவைத் திறந்துவிடுகிறது, அதனால் உள்ளே போய் என்ன செய்தோம் என்று யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டிய அவசியம் உனக்கு வரவில்லை. நந்தினி கெட்டிக்காரி. உன் சிரிப்பு அவளுக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் அது போதாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளிடம் பேசும்போது வேடிக்கையாக எதுவும் சொல்லாதே. அம்மாதான் செய்தாள் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே, என் பங்கை நானே அவளிடம் சொல்லிக்கொள்வேன். தேங்க்ஸ்மா என்று சொன்னது உன் வாய். அதை உன் வாயாலேயே சொல். சொல்லி முடித்ததும் ஏதாவது பேசி நிரப்பாமல் அவளை யோசிக்க விடு.

அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கல்யாணம் நிற்கும். நின்றால் நிற்கட்டும். பத்திரிகை கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், காரணம் எங்கள் பக்கம்தான் என்று நான் சொல்லிவிட்டு வருகிறேன். அந்த ஒன்றை மட்டும் உனக்காகச் செய்கிறேன், அதுவும் அவள் பெயர் கெடாமல் இருக்க. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அவளைப் போல ஒருத்தி இந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. அந்த ஆசைதான் என்னை ஜூஸ் கடையில் பொய் சொல்லவைக்கப் பார்த்தது.

நேற்று நந்தினிக்குப் போன் செய்தேன். "நீ கேட்டியே, அதுக்குப் பதில் ஆமாம்மா" என்றேன். மாட்டுக் கொட்டகையில் இருந்தாள் போல, பின்னால் கன்று கத்தியது. "பேரு ரேவதி. என்ன நடந்ததுன்னு அவனே சொல்லணும், அவன்கிட்ட கேளு" என்றேன். யாரிடமோ கன்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன் அத்தை" என்றாள். "நீங்க கூட இருப்பீங்க இல்ல?" என்று கேட்டாள். இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சாம்பாரும் பொரியலும் பிரிட்ஜில் இருக்கிறது. நான் சந்திரகிரியில் உன் சித்தி வீட்டுக்குப் போகிறேன், திங்கட்கிழமை சாயங்காலம்தான் வருவேன். என் போன் உன் கட்டில்மேல் இருக்கிறது, சித்தியையும் கூப்பிடாதே. நாளைக் காலை பத்து மணிக்கு வாசல் மணி அடிக்கும். நீ போய்க் கதவைத் திற.

அம்மா